உலர் உணவுப் பொதிக்கு முன்னால் ஒரு பை

யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்களுக்கும், விளையாட்டுக் கழகங்களுக்கும், மாதர் சங்கங்களுக்கும், வெள்ளம் என்றவுடன் காசு சேர்த்து அனுப்பும் புலம்பெயர் ஊர்ச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமார், தங்கச்சிமாருக்கும், வெளிநாட்டில் இருக்கும் அண்ணைமார், அக்காமாருக்கும்,

ஒவ்வொரு கார்த்திகையும் நாங்கள் எல்லோரும் ஒரே பொதியைத்தான் கட்டுகிறோம். ஐந்து கிலோ அரிசி, இரண்டு கிலோ கோதுமை மா, ஒரு கிலோ பருப்பு, ஒரு கிலோ சீனி, தேயிலை, சோயா மீற், ஒரு ரின்மீன். காசு கொஞ்சம் கூடச் சேர்ந்தால் ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய். இந்தப் பட்டியலை யார் முதலில் எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது. போன முறை கட்டினோம், அதனால் இந்த முறையும் கட்டுகிறோம். பொதியை நான் குறை சொல்லவில்லை. வெள்ளம் வடிந்து, வீட்டைக் கழுவி, அடுப்பு மூட்டத் தொடங்கிய குடும்பத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் நாங்கள் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது பெரும்பாலும் தண்ணி நிற்கிற நாளில். அன்றைக்கு அந்தப் பொதிக்குள் அப்படியே எடுத்து வாயில் போடக்கூடியது சீனி மட்டும்தான். ரின்னைத் திறக்க ஏதாவது அகப்பட்டால் மீனும் உண்டு.

தண்ணி நிற்கிற நாளில் ஒரு வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். குசினிக்குள் முழங்காலளவு தண்ணி. விறகு ஊறிக் கிடக்கும். காஸ் அடுப்பு உள்ள வீட்டிலும் அதை எங்கே தூக்கி வைத்துப் பற்றவைப்பது என்று தெரியாது. கரண்ட் முதல் நாளே போய்விடும். கிணறும் மலகூடக் குழியும் ஒரே வெள்ளத்துக்குள். இந்த நிலையில் கையில் கொடுத்த அரிசி சாப்பாடு அல்ல, நனையாமல் காப்பாற்ற வேண்டிய இன்னொரு சாமான். 2024 நவம்பர் கடைசியில், உயர்தரப் பரீட்சையையே இடைநிறுத்திய அந்த வெள்ளக் கிழமையில், ஒரு வீட்டு விறாந்தையில் பார்த்தேன். வாங்கின் மேல் கோதுமை மாப் பக்கற், அதன் மேல் பொலித்தீன், அதன் மேல் காற்றுக்குப் பறக்காமல் ஒரு செங்கல். பக்கத்தில் ஆறேழு வயதுப் பெடியன் நூடில்ஸ் பக்கற்றைக் கசக்கி உடைத்து, மசாலாத் தூளைக் கொட்டிக் குலுக்கி, பச்சையாகவே தின்றுகொண்டிருந்தான். "என்ன செய்யிறது அக்கா, இப்ப தின்னக்கூடியது அது ஒண்டுதான்" என்றார் தாய்.

பாடசாலைக்கோ பொதுநோக்கு மண்டபத்துக்கோ போனவர்களுக்குப் பிரதேச செயலகம் சமைத்த சாப்பாட்டுக்கு ஏதாவது ஒழுங்கு செய்யும். முந்திப் பிந்தினாலும் வரும். ஆடு மாடு, நாய், படுக்கையில் கிடக்கிற தாய் தகப்பன் என்று வீட்டை விட்டு வராமல் இருக்கிறவர்களும், சொந்தக்காரர் வீட்டு மேல்மாடியில் நான்கு குடும்பமாக நெருக்கிக்கொண்டு இருக்கிறவர்களும்தான் பதிவுக்குள் வரப் பிந்துகிறார்கள். அவர்களைத் தேடிப் போகிறது நாங்கள்தான். அப்படியென்றால் எங்கள் கையில் இருக்க வேண்டியதும் வேறு சாமான்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒரு பொதியை இரண்டாகப் பிரியுங்கள். முதல் மூன்று நாளுக்கு அடுப்பே தேவைப்படாத ஒரு சின்னப் பை. வெள்ளம் வடிந்த பிறகு வழக்கமான உலர் உணவுப் பொதி. முதற்பையை வெள்ளத்துக்குப் பிறகு அல்ல, மழைக்கு முன்னமே கட்டி ஊருக்குள் வைத்துவிட வேண்டும்.

இது புதுமையான யோசனையும் இல்லை. உலக உணவுத் திட்டம் பேரிடரின் முதல் நாட்களில், சமைக்க வசதியில்லாத சனத்துக்குச் சத்துப் பிஸ்கற்தான் கொடுக்கிறது. 100 கிராமில் ஏறத்தாழ 450 கலோரி. மலையேறப் போகிறவர்களும் தங்கள் முதுகுப்பைக்கு அதே கணக்கைத்தான் பார்க்கிறார்கள்: 100 கிராமுக்கு 400, 450க்குக் கீழே உள்ளதைச் சுமந்து பிரயோசனமில்லை. எங்கள் ஆட்களுக்கும் இந்தப் பழக்கம் தெரியும். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். உகந்தை தாண்டிக் குமண, யால காட்டுக்குள் இறங்கினால் கடை கண்ணி கிடையாது. தோளில் உள்ளதுதான் சாப்பாடு. தோள்பட்டை நோகத் தொடங்கும்போது எதை எறியலாம், எதை எறியக்கூடாது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். அவசர காலத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2100 கலோரி என்பது உலகம் முழுக்க நிவாரணக்காரர் வைத்திருக்கும் அளவு. நான்கு பேர், மூன்று நாள் என்றால் 25,200. இதைச் சோறாகக் கொடுத்தால், வெந்த சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரிதான் என்பதால், 19 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டும். அதுவும் காலையில் கட்டின பார்சல் பின்னேரம் மணக்கத் தொடங்கிவிடும். பாணாகக் கொடுத்தால் பத்துக் கிலோ வரை. மூன்றாம் நாள் பூஞ்சணம். 100 கிராமுக்கு 450 கலோரி உள்ள சாமானாகக் கொடுத்தால் 5.6 கிலோ. ஒரு பள்ளிக்கூடப் பைக்குள் அடங்கும். ஒரு பெண்பிள்ளை ஒரு கையில் பையும் மறு கையில் குழந்தையுமாகத் தண்ணிக்குள்ளால் நடக்கலாம்.

பாரம் ஏன் முக்கியம் என்று கேட்கிறவர்கள் கடல் கொந்தளிக்கிற நாளில் குறிகட்டுவான் இறங்குதுறையில் போய் நின்று பார்க்கட்டும். நெடுந்தீவுப் படகில் ஏற்றுகிற ஒவ்வொரு மூட்டையும் கைமாறிக் கைமாறித்தான் போகிறது. படகு ஓடாத நாளில் ஒன்றும் போகாது. எழுவைதீவு, அனலைதீவும் அப்படித்தான். தரையிலும் லொறி போகிறது பிரதான வீதி மட்டும்தான்; அங்கிருந்து உழவு இயந்திரப் பெட்டி, அதற்கப்பால் தோள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது நாட்டின் பல இடங்களில் வீதியும் பாலமும் அறுந்தன. தெற்கிலிருந்து சாமான் வரும் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பது அதற்குப் பிறகும் விளங்கவில்லையென்றால் நான் என்ன எழுதுவது.

சரி, பைக்குள் என்ன வைப்பது? முதலில் அவல். இதைவிட நல்ல அவசரச் சாப்பாடு எங்கள் பக்கத்தில் எனக்குத் தெரியாது. நெல்லை ஊறவைத்து, வறுத்து, தட்டையாக்கும்போதே முக்கால்வாசிச் சமையல் முடிந்துவிடுகிறது. அதனால்தான் பச்சைத் தண்ணியிலேயே இளகுகிறது. மெல்லிய வெள்ளை அவல் ஐந்து நிமிடத்தில். தடித்த சிவப்பு அவலுக்குக் கால் மணித்தியாலம், இருபது நிமிடம் வேண்டும். 100 கிராமில் 350 கலோரி அளவில் இருக்கும். பல்லில்லாத அப்பாச்சிக்கும் போகும், ஒரு வயதுப் பிள்ளைக்கும் பிசைந்து கொடுக்கலாம். ஆனால் கடைப் பக்கற்றில் அப்படியே வைக்காதீர்கள். அந்தப் பொலித்தீன் ஒரு ஊசித் துளையில் ஈரம் இழுத்துவிடும். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலைக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் தலைகீழாய்க் காயவிட்டு, புனல் வைத்து அவலை நிரப்பி, இடையிடையே நிலத்தில் தட்டி இறுக்குங்கள். மெல்லிய அவலென்றால் புனலில் அடைக்கும், ஒரு ஈர்க்கால் குத்திக் குத்தி விட வேண்டும். மூடியை இறுக்கிப் பூட்டினால் எலி, எறும்பு, வெள்ளம் எதற்கும் பயமில்லை. பை கையிலிருந்து நழுவினாலும் போத்தல் மிதக்கும். சாப்பிட்டு முடித்த பிறகு தண்ணி பிடிக்க ஒரு பாத்திரமும் ஆயிற்று.

அவல் மட்டும் போதாது; அதில் கொழுப்பு மிகக் குறைவு. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாச்சத்திலும் சீனியிலும் 4. பாரத்தைக் குறைக்கிற வித்தை முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. அதற்கு எங்களிடம் கச்சானும் (நிலக்கடலை) எள்ளும் இருக்கின்றன, இரண்டுமே 100 கிராமில் 570 கலோரிக்குக் கிட்ட. வறுத்த கச்சான், எள்ளுப்பாகு, கச்சான் அல்வா, எள்ளுருண்டை எல்லாம் ஊரில் கைபழகின வேலை. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 கிராம் அவல், 100 கிராம் கச்சான், 100 கிராம் எள்ளுப்பாகு, 100 கிராம் பிஸ்கற் என்று வைத்தால் அரைக் கிலோவில் 2100 தாண்டிவிடும். நான்கு பேருக்கு மூன்று நாள், ஆறு கிலோ. கச்சானில் மட்டும் கண் வேண்டும். பூஞ்சணம் பிடித்த, சுருங்கிக் கறுத்த கச்சானில் ஈரலைக் கெடுக்கிற அஃப்லரொக்சின் என்ற நஞ்சு இருக்கலாம், வறுத்தாலும் அது முழுக்கப் போகாது. மலிவு என்று பழைய கச்சானை மூட்டையாய் எடுக்க வேண்டாம்.

பனையைப் பற்றிச் சொல்லாமல் யாழ்ப்பாணத்தில் சாப்பாட்டைப் பற்றி எழுத முடியாது. புழுக்கொடியல் பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தது. அப்படியே கடிக்கலாம், இடித்து மாவாக்கினால் பனங்கட்டியோடு குழைத்துச் சாப்பிடலாம். நன்றாகக் காய்ந்தால் பல மாதம் இருக்கும். பனம்பழக் களியைக் காயவைத்த பனாட்டும் அப்படியே. ஆனால் ஒடியல் வேறு. அது பச்சையாய்க் காயவைத்தது. ஒடியல் மாவை ஊறவைத்துக் கசப்பை வடித்து, வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும். கூழும் பிட்டும் அதற்குத்தான். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் நல்ல மனதோடு இரண்டையும் ஒன்றாக நினைத்து ஓடர் கொடுக்கிறார்கள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்: முதற்பைக்குள் ஒடியல் மா வேண்டாம்.

பருத்தித்துறை வடையை எல்லோரும் கேட்பீர்கள். ருசியில் குறையில்லை, கெடாமலும் கொஞ்ச நாள் கிடக்கும். ஆனால் இடம் பிடிக்கும், மேலே ஒரு போத்தல் வைத்தால் தூளாகும், உறைப்பும் உப்பும் தண்ணி கேட்கும். மிக்சர், முறுக்குக்கும் இதே பதில். பிஸ்கற் நல்லது, உப்புக் குறைந்ததாக. சத்துமா நல்லது, வறுத்து அரைத்தது என்றால். சீனியும் துளி தண்ணியும் விட்டு உருண்டை பிடிக்கலாம். ரின்மீனை நான் முதற்பைக்குள் வைக்கமாட்டேன். 425 கிராம் ரின்னில் மூன்றில் ஒரு பங்கு தண்ணி, அதோடு தகரத்தின் பாரம்; திறந்தால் அந்த வேளையே முடிக்க வேண்டும், கை கழுவ நல்ல தண்ணி வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. வெள்ள மாதமும் விரத மாதமும் எங்களுக்கு ஒன்றுதான். கேதாரகௌரி, கந்தசஷ்டி, பிள்ளையார் கதை, திருவெம்பாவை எல்லாம் புரட்டாசிக் கடைசி, ஐப்பசி தொடக்கம் மார்கழிக்குள். அந்த நாட்களில் மீன் ரின்னைக் கொடுத்தால் வாங்கி மூலையில் வைத்துவிடுவார்கள். அவலும் கச்சானும் எள்ளும் எந்த வீட்டுப் படியையும் ஏறும். முஸ்லிம் சனம் இருக்கிற சோனகதெருவுக்குக் கொண்டுபோனாலும் ஹலாலா என்று யாரும் பக்கற்றைத் திருப்பிப் பார்க்கத் தேவையில்லை.

வெளிநாட்டு அண்ணைமாருக்குத் தனியாக ஒரு சொல். கனடாவிலும் இலண்டனிலும் மலையேறுகிறவர்களுக்கு விற்கிற உறையவைத்து உலர்த்திய சாப்பாட்டுப் பக்கற்றைப் பெட்டி பெட்டியாக அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள். பாரம் குறைவு, ஆண்டுக்கணக்காய் இருக்கும், எல்லாம் சரி. ஆனால் அநேகமானவை கொதிதண்ணி கேட்கும். கொதிதண்ணி வைக்க முடிந்தால் நாங்கள் கஞ்சியே காய்ச்சிவிடுவோமே! கப்பல்களின் உயிர்காப்புப் படகுகளில் வைக்கிற கட்டி உணவு இதைவிடப் பொருத்தம். மா, கொழுப்பு, சீனி சேர்த்து அழுத்தியது, தாகம் எடுக்காமல் இருக்க உப்புக் குறைத்தது, ஐந்து வருடம் இருக்கும். தீவுப் பகுதிக்கு ஒரு தொகை வாங்கி வைப்பது நல்லதுதான். மற்ற இடங்களுக்கு அந்தக் காசை ஊர் மாதர் சங்கத்துக்கு அனுப்புங்கள். எள்ளுப்பாகு இங்கேயே கிண்டலாம், கூலியும் ஊருக்குள் நிற்கும்.

பால்மாவும் போத்தலும் சூப்பியும் தயவுசெய்து பொதுவாக அனுப்ப வேண்டாம். வெள்ளத்தில் கைக்குழந்தையைக் கொல்லக்கூடியது பசியைவிட வயிற்றோட்டம். ஊத்தைத் தண்ணியில் கரைத்த பால்மா அதற்கு நேர்வழி. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பிறகும் தாய்ப்பாலோடு மற்றச் சாப்பாடு. தாய்க்கு வயிறாரக் கொடுத்தால் பிள்ளைக்குக் கொடுத்ததுபோலத்தான். தாய்ப்பால் கிடைக்காத பிள்ளை ஊரில் எத்தனை, யார் என்று குடும்பநல உத்தியோகத்தருக்குத் தெரியும், அவரூடாகப் போகட்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் கிளினிக்கில் கொடுக்கிற திரிபோஷாச் சத்துமாவையும் பொதிக்குக் கேட்காதீர்கள், அது யாருக்கென்று ஒதுக்கியதோ அவர்களுக்கே போகட்டும். பைக்குள், வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற ஜீவனிப் பக்கற் இரண்டு மூன்று வையுங்கள். ஒரு பக்கற்றுக்குச் சரியாக ஒரு லீற்றர் தண்ணி, கரைத்தால் 24 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும் என்று பையின் வெளியே பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.

சீனி வருத்தக்காரருக்கு எள்ளுப்பாகும் பனங்கட்டியும் சரிவராது. அந்த வீட்டுப் பையில் இனிப்பைக் குறைத்துக் கச்சானையும் வறுத்த கடலையையும் கூட்டலாம். மருந்துச் சிட்டையின் பிரதி ஒன்றும் அதே பைக்குள் இருக்கட்டும்.

இவ்வளவு நேரமும் பாரத்தைக் குறைப்பதைப் பற்றிக் கதைத்தேன். உண்மையான பாரம் தண்ணியில் இருக்கிறது. குடிக்கவும் அவல் நனைக்கவும் ஓர் ஆளுக்கு நாளுக்கு மூன்று லீற்றர் என்றால் நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 36 லீற்றர், அதாவது 36 கிலோ. இதை எந்தப் பைக்குள்ளும் அடக்க முடியாது. ஆகவே சாப்பாட்டில் மிச்சம் பிடித்த பாரத்தையும் காசையும் தண்ணிக்குத் திருப்புங்கள்: மூடியுள்ள கானும், குளோரின் வில்லையும், வடிக்க ஒரு வெள்ளைத் துணியும். கலங்கல் தண்ணியை வடிக்காமல் வில்லை போட்டால் அது சரியாக வேலை செய்யாது; போட்டு அரை மணித்தியாலம் விட வேண்டும். எங்கள் சுண்ணக்கல் நிலத்தில் மேலே உள்ளது கீழே இறங்க நாள் எடுக்காது. வெள்ளம் வடிந்தாலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குளோரின் போட்டுச் சரி என்று சொல்லும்வரை கிணற்றை நம்ப வேண்டாம். 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சல் வந்து உயிர்கள் போன ஊர் இது, வெள்ளத் தண்ணி நனைத்த பக்கற்றைத் துடைக்காமல் திறக்கவும் கூடாது.

எப்போது கட்டுவது? நல்லூர்த் தேர் முடிந்த கையோடு தொடங்கினால் புரட்டாசிக்குள் முடிக்கலாம். ஐப்பசியில் கொண்டுபோய்க் கிராம அலுவலரின் பட்டியலைப் பார்த்து, தாழ்ந்த நிலத்து வீடுகளுக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். மிச்சத்தை நிலையத்தில் மேல்தட்டில் வையுங்கள். மழை பொய்த்தாலும் நட்டமில்லை. தைப்பொங்கலுக்குப் பையை அவிழ்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். எள்ளும் கச்சானும் அதற்கு மேல் வைத்தால் எண்ணெய் பழுதாகி மணக்கும், எப்படியும் மாற்றத்தான் வேண்டும்.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்றும் எனக்குத் தெரியும். ஒரு சங்கத்துக்கு இதைச் சொன்னபோது "பை சின்னனாக் கிடக்கு, படத்தில வடிவா இராது" என்றார்கள். காசு கொடுத்தவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பத்துக் கிலோ மூட்டையை இரண்டு பேர் ஏந்திக்கொண்டு, நடுவில் வயோதிபர் ஒருவர் தலை குனிந்து நிற்கிற படத்துக்காகச் சாமானின் பருமனைத் தீர்மானிக்கிறோம் என்றால் அது யாருக்கான உதவி? படம் வேண்டுமென்றால் பை கட்டுகிற நாளில் எடுங்கள். மாதர் சங்கத்து அக்காமார் எள்ளுப்பாகு வெட்டுவது அதைவிட நல்ல படம்.

அடுத்த நிர்வாகசபைக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒரு பையைக் கட்டி, கூட்டம் நடக்கிற அன்று அடுப்பு மூட்டாமல், தேத்தண்ணியும் இல்லாமல், நிர்வாகசபையே காலை தொடக்கம் இரவு வரை அதை மட்டும் சாப்பிட்டுப் பார்க்கட்டும். எது தொண்டைக்குள் இறங்கவில்லையோ அதைப் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டு, மிச்சத்துக்கு விலை கேளுங்கள்.

இப்படிக்கு,
வடமராட்சியிலிருந்து,
பொதி கட்டுகிறவர்களில் ஒருத்தி